பியூரெட்டில் பேர் எழுத இடமில்லை

வேதியியல் ஆசிரியர் வேலை என்பது, இல்லாத பொருளை இருப்பதாகச் சொல்லி, நடக்காத சோதனையை நடந்ததாக எழுத வைத்து, கடைசியில் அதற்கு மதிப்பெண்ணும் போடுகிற வேலை. இதைப் படித்துவிட்டு, "அடிப்பாவி, இப்படியா போட்டு உடைப்பாள்?" என்று தலையில் கை வைக்கிறவர்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வாத்தியார் வேலை பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். நீங்களும் ஒரு காலத்தில் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் எக்கி நின்று சோதனை பார்த்த கூட்டம்தானே!

நான் இருப்பது ஆரணிக்கு வெளியே, சேவூரைத் தாண்டி, டவுன் பஸ் திரும்பிப் போகிற இடத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். பெயரைச் சொன்னால் ஹெச்.எம். சாருக்குப் பேஜார், எனக்கு இடமாறுதல். பாதிப் பிள்ளைகள் நெசவுக்காரர் வீடு. மீதிப் பேர் வயல் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் வீடு. ப்ளஸ் டூ வேதியியல் என் பொறுப்பு. பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை. சாமான்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன.

பத்திரமான பீரோ

வேலையில் சேர்ந்த அன்று ஹெச்.எம். சார் என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். வாசல் கதவுக்கு ஒரு பூட்டு, உள்ளே கம்பிக் கதவுக்கு ஒரு பூட்டு, அதற்கும் உள்ளே மர பீரோவுக்கு ஒரு பூட்டு. பட்டுக்கடைக்காரர்கள்கூட இத்தனை பூட்டுப் போட மாட்டார்கள். பீரோவைத் திறந்ததும் அசந்து போனேன். பிப்பெட், குடுவை, சோதனைக் குழாய் எல்லாம் வைக்கோல் சுற்றி, கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சோதனைகளைக் கரும்பலகையில் செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் செய்திருக்கிறார்கள்.

பியூரெட் மட்டும் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றுக்குக் குழாய் திரும்பவில்லை. அதைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு ஸ்டாண்டுகள் எங்கே என்று தேடினேன். ஏதோ ஓர் ஆண்டு விழாவுக்கு மைக் கட்ட எடுத்துப் போனார்களாம். மைக் திரும்பி வந்துவிட்டது, ஸ்டாண்டுகள் வரவில்லை. தப்பித்த ஒரே ஒரு ஸ்டாண்டு மூலையில் நின்றது, பிடிப்பானின் திருகாணி இல்லாமல். என் முகம் போன போக்கைப் பார்த்து, பிரமித்துப் போய்விட்டேன் என்று ஹெச்.எம். சார் நினைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"நான் வந்த நாள்லேர்ந்து ஒரு டெஸ்ட் ட்யூப் கூட உடைஞ்சது இல்ல மேடம். வெளிய எடுத்தாத்தானே உடையறதுக்கு!"

ஸ்டாண்டு யார்?

மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். பியூரெட் என்பது அளவுக் கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழல். அடியில் ஒரு சின்னக் குழாய். அதில் ஊதா நிறப் பர்மாங்கனேட்டை ஊற்றி, கீழே குடுவையில் இருக்கிற நிறமில்லாத கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஊதா மறைந்துகொண்டே வரும். ஒரு சொட்டில் மறையாமல், வெளிறிய ரோஸ் நிறம் அப்படியே தங்கும். அந்த நொடியில் குழாயை மூடி அளவு எடுக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு, மதிப்பெண்ணும் போச்சு. இதெல்லாம் நடக்கப் பியூரெட் ஆடாமல் நேராக நிற்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டுக்குத்தான் திருகாணி இல்லையே, அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் பிடித்தாலும் ஆடியது. கோமதி பிடித்தாள், ஆடவில்லை. அவள் அப்பா சேவூரில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஈர நூல் கழிகளைச் சின்ன வயதிலிருந்து பிடித்து நின்ற கை அது. அன்றிலிருந்து, "மிஸ், கோமதி புடிக்கட்டும் மிஸ்" என்று வகுப்பே அவளை ஸ்டாண்டாக்கிவிட்டது.

இதில் என்னை உறுத்திய விஷயம், வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் அவள்தான். நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தனியார் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க வழியில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் உண்டு. அவள் அம்மா என்னை பஸ் நிறுத்தத்தில் பிடித்து ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "கவர்மென்ட் சீட்டு கெடச்சா போவட்டும் மிஸ். இல்லன்னா அவங்க மாமா செய்யாறு கம்பெனில சொல்லி வச்சிக்கிறாரு. பதினெட்டு முடிஞ்சா கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வருது." கம்பெனி வேலை ஒன்றும் கேவலம் இல்லை. என் பழைய மாணவிகள் எத்தனையோ பேர் அந்த பஸ் ஜன்னலிலிருந்து எனக்குக் கை காட்டுகிறார்கள். ஆனால் இவள் ஆசைப்பட்டது வேறு. கட்-ஆஃபில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒரு தெருவே அவளைத் தாண்டிப் போய்விடும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை முழுசாக வாங்கியே ஆக வேண்டிய பெண், பியூரெட் குழாயைத் தொட்டதே கிடையாது.

ஒரு நாள் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். எல்லோரும் குடுவையைச் சுற்றி நிற்க, இவள் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தார். தண்டனை என்று நினைத்தாரோ என்னவோ, "நீ என்னம்மா பண்றே?" என்றார். கோமதி கண்கூட இமைக்காமல் சொன்னாள்:

"நான் ஸ்டாண்டு சார்."

பேட்டரித் தண்ணீர்

எங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் சோதனை செய்தால் விடை வேறு ஏதாவது பாடத்துக்குப் போய்விடும். அவ்வளவு உப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். அதைக் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிடுவார்கள். எனவே ஆரணியில் பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கி, டவுன் பஸ்ஸில் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு போவேன். கேன் மேல் பெரிதாக பேட்டரிப் படம் போட்டிருக்கும்.

கண்டக்டர் முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தினமும் பார்க்க ஆரம்பித்தார். "ஸ்கூலுக்குங்க, கெமிஸ்ட்ரிக்கு" என்று நான் ஒரு தடவை சொல்லித்தான் பார்த்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவில் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம், ஊட்ல பஸ்ஸு ஏதாவது ஓட்டறீங்களா?"

படம் பாதியில் நின்றது

பியூரெட் கேட்டவளுக்கு ப்ரொஜெக்டர் வந்தது. வேண்டாம் என்றா சொல்ல முடியும்? ஆனால் அதை மாட்டிய அறையின் ஜன்னல்களுக்குக் கதவு இல்லை. பட்டப்பகலில் சுவரில் படம் போட்டால் சுவர்தான் தெரிந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து தறியை மூடி வைக்கிற துணிகளைக் கொண்டுவந்து ஜன்னலை அடைத்தார்கள். கும்மிருட்டு. பென்சீன் வளையம் சுவரில் சுழன்றது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். என் பணிக்காலத்தில் பென்சீனுக்கு விசில் விழுந்தது அன்றுதான். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வினை பாதி நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. அன்று திரும்ப வரவேயில்லை. மீதியைக் கரும்பலகையில் நடத்தினேன்.

காலாண்டுத் தேர்வில் அதே வினையைக் கேட்டேன். விடைத்தாள்களைத் திருத்தத் திருத்த எனக்கு வியர்த்தது. எல்லோரும் அம்புக்குறி முதற்கொண்டு அவ்வளவு அழகாக வரைந்திருந்தார்கள், சரியாகப் பாதி வரைக்கும். கரும்பலகையில் நான் நடத்திய மீதிப் பாதி ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. கடைசி பெஞ்சு சதீஷை எழுப்பி, "மீதி எங்கடா?" என்று கத்தினேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"அப்பதான் கரண்ட் போயிடுச்சே மிஸ்!"

உபயம்

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பட்டுக்கடை தனபால். தங்கமான மனிதர். பள்ளிக்கு அள்ளிக் கொடுப்பார். எதைக் கொடுத்தாலும் அதில் அவர் பெயர் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் எழுதி மாட்டினார். விசிறி ஓடும்போது பெயர் தெரியவில்லை என்று வருத்தப்பட்டு, வெயில் காலத்தில்கூட அவர் வரும்போது விசிறியை நிறுத்தச் சொல்வார். மனது வைத்தால் நல்லது செய்வார் என்று அவரை ஆய்வகத்துக்கு அழைத்துவந்து, பியூரெட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். பிள்ளைகளின் மதிப்பெண் இதில்தான் தொங்குகிறது, கொஞ்சம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். தனபால் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இன்னா மேடம் இது, இவ்ளோ ஒல்லியா இருக்குது? 'உபயம்'னு எழுதறதுக்கே எடம் போதாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போகிற போக்கில் மூலையில் இருந்த ஒற்றை ஸ்டாண்டில் அவர் கால் இடித்தது. குனிந்து பார்த்தார். ஸ்டாண்டின் அடித்தட்டு அகலமான இரும்புப் பலகை. அதைக் கையால் தடவினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்த மாதமே வெல்டிங் பட்டறையில் சொல்லி, சாதாரண அளவைவிட இரண்டு மடங்கு அகலத்தில் அடித்தட்டு வைத்த ஸ்டாண்டுகள் வரிசையாக வந்து இறங்கின. கறுப்புத் தட்டின் ஓரத்தில் மஞ்சளில் அவர் பெயர். பியூரெட்டுகளை நான் அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் கெஞ்சிக் கடன் வாங்கினேன். அவர்கள் பீரோக்களிலும் அவை வைக்கோலில்தான் தூங்கிக்கொண்டிருந்தன. எப்படியோ, கோமதிக்கு ஸ்டாண்டு வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. அதற்குக் காரணம் அன்று தனபால் அடித்தட்டைத் தட்டிச் சொன்ன வார்த்தைதான்:

"ஆங், இதுல தாராளமா எழுதலாம் மேடம். எத்தினி வேணும்?"

கலர் புடிக்கல

முதல் முறையாகக் கோமதி பியூரெட் குழாயைத் திருப்பினாள். நான் பக்கத்தில் நின்றேன். சொட்டு விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது. வெளிறிய ரோஸ் வந்து தங்கியது. "நிறுத்து" என்று சொல்ல வாயெடுத்தேன். சரி, அவளே நிறுத்தட்டும் என்று விட்டேன். அவள் குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்தியில்லை. இன்னும் விட்டாள். ரோஸ் அடர்ந்தது. மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். இன்னும் விட்டாள். கல்யாணப் புடவைக்கு ஆகிற நிறம் வந்த பிறகுதான் நிம்மதியாகக் குழாயை மூடினாள். அளவு எங்கேயோ போயிருந்தது.

இவள் மட்டும் இல்லை. சாய வீட்டுப் பிள்ளைகள், நெசவு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இதே கதை. வயல் வேலை வீட்டுப் பிள்ளைகள் சரியான இடத்தில் நிறுத்தினார்கள். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வெளிறிய நிறம் தெரியட்டும் என்று கறுப்பு அடித்தட்டின் மேல் வெள்ளைத் தாள் போட்டேன். நிறம் தெரிந்தது, ஆனால் இவர்கள் நிறுத்தவில்லை. பர்மாங்கனேட்தான் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் என் பொறுமை போய், "முதல்ல ரோஸ் வந்ததும் நிறுத்துன்னு எத்தனை தடவைடி சொல்றது? கண்ணு தெரியலையா?" என்று கோமதியிடம் கத்திவிட்டேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெரியுது மிஸ். ஆனா கலர் இன்னும் புடிக்கலயே. இப்டி வெளுப்பா இருக்கறப்பவே நூல எறக்குனா எங்கப்பா அடிக்க வந்துடுவாரு மிஸ்."

தறி நின்றால்

தேர்வு நெருங்கியதும் மாலையில் சிறப்பு வகுப்பு. எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்தில் நான் கத்தி, என் தொண்டை கட்டி, வெந்நீரும் உப்புமாகத் திரிந்தேன். சத்தம் இல்லாமல் இருந்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் படிப்பார்கள் என்று ஹெச்.எம். சாரிடம் புலம்பாத நாள் இல்லை. அவர் கூடத்துக்காரரிடம் பேசியே விட்டார். ஒரு வாரம் சாயங்காலம் தறியை நிறுத்துகிறேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை தறி நின்றது. அப்பாடா என்று சாக்பீஸை எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு தூங்குகிறது. மீதிப் பாதி பையை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நானே கூடத்துக்குப் போய், தயவுசெய்து ஓட்டுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். தறி ஓடியதும் எல்லாம் கண்ணைத் திறந்து கணக்குப் போட்டன. முன்வரிசைப் பெண் ஒருத்தி எனக்கு விளக்கம் சொன்னாள்:

"தறி நின்னுச்சுன்னா வேல முடிஞ்சிச்சு, சாப்ட்டுட்டுப் படுக்கலாம்னு அர்த்தம் மிஸ்."

புடவை திரும்பி வருகிற நிறம்

அன்று கோமதியைத் திட்டியதற்குப் பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. பதினேழு வருஷமாக வீட்டில் பார்த்த கண்ணை நான் மூன்று நாளில் மாற்ற நினைத்தால் எப்படி? நிறம் அடர்ந்து பிடித்தால்தான் அந்த வீட்டில் சோறு. எனக்கு வழி தெரியவில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. செய்யாறு கம்பெனி பஸ் என் கனவில்கூட வந்து ஹாரன் அடித்தது.

வழி கண்டுபிடித்தவள் அவளேதான். ஒரு திங்கட்கிழமை ஆய்வகத்துக்குள் சிரித்துக்கொண்டே வந்து, "மிஸ், ஒரு தடவை குடுங்க" என்றாள். சொட்டு விட்டாள். வெளிறிய ரோஸ் எட்டிப் பார்த்த அதே நொடியில், நெருப்பைத் தொட்டவள் மாதிரி குழாயை மூடினாள். அளவு கச்சிதம். மறுபடி செய்யச் சொன்னேன், கச்சிதம். எப்படிடி என்றேன். முந்தின நாள் யாரோ ஒருத்தர் அவள் அப்பாவிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். புடவையை முதல் தடவை நனைத்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் அப்படியே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வீட்டில் அத்தனை பேர் முகமும் செத்துப் போனதாம். அந்தத் தண்ணீரின் நிறமும் குடுவையில் வருகிற நிறமும் ஒன்று. மற்ற நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவளே பாடம் நடத்தினாள். நான் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியதை ஒரே வரியில் முடித்துவிட்டாள்:

"இது நூல் போடற தொட்டி இல்லடி, சாயம் போன தண்ணி. கண்டவுடனே பயந்துடணும்."

செய்முறைத் தேர்வு

தேர்வு நாள் காலை ஆய்வகத்தைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்று கேள்விப்பட்ட தனபால், முந்தின நாள் சாயங்காலம் ஆளை அனுப்பி ஸ்டாண்டுகளுக்குப் புது வண்ணம் அடிக்க வைத்திருக்கிறார். அடித்தட்டு முழுக்க வெள்ளை. அதன் மேல் பட்டை பட்டையாகச் சிவப்பில் 'உபயம்', பெயர், கடை, பதவி. போகட்டும், அதற்கு மேல் எப்படியும் வெள்ளைத் தாள் போடப் போகிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தேர்வாளர் வந்தார். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். வந்ததும் முதல் வேலையாக மேசை மேசையாகப் போய் வெள்ளைத் தாள்களை உருவினார். பிட் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், அது கலர் தெரியறதுக்காக..." என்று ஆரம்பித்தேன். "விடைத்தாளைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது மேடம். நீங்க சொல்யூஷனை மட்டும் பாருங்க" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறந்தால் பிள்ளைகளுக்குத்தான் கேடு. கரைசல் பாட்டில்களைப் பார்க்கப் போனேன்.

தேர்வு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்திலேயே ஒவ்வொருவராகக் குழாயை மூடி அளவு எழுத ஆரம்பித்தார்கள். எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, இது ரொம்பச் சீக்கிரம். பியூரெட்டில் பாதிகூட இறங்கவில்லை. ஒருவர் அளவும் இன்னொருவர் அளவும் ஒத்துப்போகவில்லை. என்ன நடக்கிறது என்று எனக்கும் புரியவில்லை. கோமதியைப் பார்த்தேன். அவளும் சட்டென்று குழாயை மூடினாள். முகத்தில் அந்தப் பயம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கீழே வைத்தாள். மறுபடியும் தூக்கினாள். அவள் வீட்டில் பழகிய பழக்கம்தான், நான் அதட்டி அதட்டி விடச் சொன்ன அதே பழக்கம். அப்புறம் கையைத் தூக்கினாள். "சார், ஒரு வெள்ளைத் தாள் வேணும் சார்." தேர்வாளர் புருவத்தை உயர்த்தி, "எதுக்கு? என்ன எழுதப் போறே?" என்றார்.

"எழுதறதுக்கு இல்ல சார். கலர் தண்ணில இல்ல, அடியில உபயத்துல இருக்குது."

மூடிய பெயர்

தேர்வாளர் அவள் மேசைக்குப் போனார். குடுவையைத் தூக்கினார், நிறமில்லை. வைத்தார், ரோஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த மேசைக்குப் போனார், அங்கேயும் அப்படியே. பறித்து வைத்திருந்த வெள்ளைத் தாள்களை எடுத்துத் தன் கையாலேயே ஒவ்வொரு ஸ்டாண்டின் அடித்தட்டிலும் விரித்தார். எல்லோரும் முதலிலிருந்து செய்யலாம் என்றார். கரைசல் போதுமா என்று என்னைப் பார்த்தார். போதும் என்றேன். பேட்டரித் தண்ணீர் கூடுதலாக ஒரு கேன் வாங்கிக் கலக்கி வைத்திருந்தேனே! அந்தக் கண்டக்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கோமதி குழாயைத் திருப்பினாள். இந்த முறை அவள் பயந்தது சரியான சொட்டுக்கு. அவள் விடைத்தாளைத் தேர்வாளர் வாங்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதுவிட்டால் மரியாதை போய்விடும்.

சரியாக அந்த நேரத்தில் இளநீர்க் குலையோடு தனபால் வந்து சேர்ந்தார். தேர்வாளர் எதிரில் தன் உபயத்தைப் பார்த்து ரசிக்கக் கழுத்தை நீட்டினார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனது. என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"இன்னா மேடம் இது, அத்தினி ஸ்டாண்டும் நான் குட்த்தது, ஒண்ணுல கூட நான் தெரியலயே!"

கோமதியின் போன்

முடிவுகள் வந்தன. யாருக்கு எவ்வளவு என்று சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். சதீஷ்கூடத் தேறிவிட்டான். கரண்ட் போகிற கேள்வி வரவில்லையாம். கோமதிக்கு வேதியியல் செய்முறையில் முழு மதிப்பெண். அரசு நர்ஸிங் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அவள் அம்மா பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், என் பஸ் போன பிறகும். தனபால் அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அதில் எங்கே எழுதியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் கோமதி போன் செய்தாள். ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி ஆரம்பித்துவிட்டதாம். வெள்ளை உடுப்பு, தொப்பி, கால் வலி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். வேலை எப்படிடி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அதே வேலதான் மிஸ். சலைன் பாட்டில் மாட்டறதுக்கு ஸ்டாண்டு பத்தல, நேத்து நான்தான் புடிச்சிகினு நின்னேன். கை ஆடல மிஸ்."

ஆக, எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஸ்டாண்டுகளிலேயே ஆடாத ஒரே ஸ்டாண்டை, பேர்கூட எழுதாமல், அரசு ஆஸ்பத்திரிக்கு உபயமாகக் கொடுத்துவிட்டோம்.